பீக்கி பிளைண்டர்ஸில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கதை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிபிசியில் 2013 முதல் 2022 வரை ஆறு சீசன், 36 எபிசோட் வந்த தொடர் இது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919-ல், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் பந்தயத் தொழில் நடத்தும் ஷெல்பி குடும்பம் எப்படி மேலே மேலே போகிறது என்பதுதான் கதை. நான் இதை மூன்று முறை முழுக்கப் பார்த்தவன், நடுவில் அந்த ஊர் வரலாற்றையும் தேடித் தேடிப் படித்தவன். யாரிடம் இந்தத் தொடரைப் பற்றிப் பேசினாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கதைத் திருப்பங்கள் எல்லாம் கீழே வெளிப்படையாக வரும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படி ஒரு கும்பல் உண்மையிலேயே இருந்ததா?

இருந்தது. ஆனால் தொடர் காட்டும் காலத்துக்குக் கிட்டத்தட்ட முப்பது வருடம் முன்னால். பீக்கி பிளைண்டர்ஸ் என்ற பெயர் பத்திரிகையில் முதலில் அடிபட்டது 1890 மார்ச்சில். ஜார்ஜ் ஈஸ்ட்வுட் என்ற ஒரு இளைஞர், ஆடர்லி தெருவில் இருந்த ரெயின்போ என்ற பப்பில் உட்கார்ந்து இஞ்சி பீர் குடித்துக்கொண்டிருந்தார். இஞ்சி பீரில் போதை கிடையாது. உள்ளே வந்த கும்பலில் ஒருவன் அதை வைத்தே வம்புக்கு இழுத்தான், இதையெல்லாம் எதற்குக் குடிக்கிறாய் என்று. வாய்த்தகராறு முற்றியது. அவர் வீட்டுக்குக் கிளம்பியதும் பின்னாலேயே போய் பெல்ட்டால், அதிலும் பெல்ட்டின் கனத்த பக்கிளால், மண்டை உடையும் அளவுக்கு அடித்தார்கள். அவர் எப்படியோ ஒரு சுவரைத் தாண்டிக் குதித்து ஒரு வீட்டுக்குள் புகுந்து உயிர் தப்பினார்.

தொடரில் வரும் எந்தச் சண்டையையும் விட இந்தச் சம்பவம்தான் என் மனதில் நிற்கிறது. பெரிய லாபக் கணக்கோ குடும்ப மானமோ இதில் எதுவும் இல்லை. நிஜ பீக்கி பிளைண்டர்ஸ் என்பவர்கள் பெரும்பாலும் ஏழைத் தெருக்களைச் சேர்ந்த பையன்கள். தெருமுனையில் காசு சுண்டி சூதாடுவது, அடுத்த தெருப் பையன்களோடு கல்லெறிச் சண்டை போடுவது, தனியாக மாட்டுகிறவரை அடிப்பது, போலீஸ்காரரைப் பார்த்தால் செங்கல்லை விட்டெறிவது, இவைதான் அவர்களுடைய நாட்கள். 1897-ல் ஜார்ஜ் ஸ்னைப் என்ற போலீஸ்காரர் அப்படித்தான் தலையில் செங்கல் பட்டு இறந்துபோனார்.

அப்படியென்றால் கதாநாயகன் தாமஸ் ஷெல்பி, அதாவது டாமி?

கற்பனை. ஷெல்பி குடும்பமே கற்பனை. ஆனால் விதை நிஜம். தொடரை உருவாக்கிய ஸ்டீவன் நைட்டின் அப்பா பர்மிங்காமில் வளர்ந்தவர். சின்னப் பையனாக இருந்தபோது, பந்தயத் தொழில் நடத்திய தன் உறவுக்கார மாமாக்களிடம் ஒரு சேதி சொல்லிவிட்டு வரச்சொல்லி அவரை அனுப்பியிருக்கிறார்கள். கதவைத் திறந்தால் புகை மூட்டம், மேஜை நிறையக் காசு, சுற்றிலும் பளிச்சென்று உடுத்திய ஆட்கள், குடிப்பது மட்டும் ஜாம் பாட்டிலில். கண்ணாடி டம்ளருக்கெல்லாம் காசு செலவழிக்க மாட்டார்களாம், காசெல்லாம் உடுப்புக்குத்தான். ஷெல்டன் என்பது அவர்கள் குடும்பப் பெயர். அது ஷெல்பி ஆகிவிட்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குத் தொடர் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. இது ஆவணத்திலிருந்து எழுதிய கதை கிடையாது, ஒரு குழந்தை வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்த காட்சியிலிருந்து எழுதிய கதை. குழந்தைக் கண்ணுக்கு அந்த ஆட்கள் ராஜா மாதிரி தெரிந்திருப்பார்கள். கேமரா எப்போதும் கீழேயிருந்து அவர்களை நிமிர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு உணர்வு வருகிறதே, அது இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

தொப்பியில் பிளேடு தைத்திருந்தார்களா?

அநேகமாக இல்லை. தூக்கிப் போடும் ரக பிளேடை ஜில்லெட் விற்க ஆரம்பித்ததே 1903-ல், அதுவும் அமெரிக்காவில். 1890-ல் அந்தப் பையன்களுக்கு அது எங்கிருந்து கிடைத்திருக்கும்? வந்த பிறகும் கொஞ்ச காலத்துக்கு விலை அதிகம். பர்மிங்காம் வரலாற்றாசிரியர் கார்ல் சின், இவருடைய கொள்ளுத்தாத்தாவே ஒரு பீக்கி பிளைண்டர், இந்த பிளேடு கதையைத் திட்டவட்டமாக மறுக்கிறார். "பீக்" என்பது தொப்பியின் முன்விளிம்பு. "பிளைண்டர்" என்பது கண்ணைப் பறிக்கும்படி உடுத்துகிறவனைக் குறிக்கும் உள்ளூர்ப் பேச்சு என்பது பொருத்தமாக இருக்கிறது. அவர்களுடைய ஆயுதம் பெல்ட்டும், இரும்பு முனை வைத்த பூட்ஸும்தான்.

முப்பது வருடத்தைத் தள்ளி வைத்தது தப்பில்லையா?

தேதிப்படி பெரிய தப்பு. 1919 வாக்கில் பீக்கி பிளைண்டர்ஸ் என்ற கும்பலே ஓய்ந்துபோயிருந்தது. ஆனால் இந்தத் தப்பை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன், காரணம் போர்.

முதல் சீசனில் டாமி ராத்திரி தூங்க முடியாமல் அபினி புகைத்துக்கொண்டு கிடப்பான்; சுவருக்கு அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவன் போரில் சுரங்கம் தோண்டியவன். இந்த இடத்தில் தொடர் நிஜத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. பிரிட்டிஷ் ராணுவம் 1915 தொடக்கத்தில் சுரங்கப் படைகளை அமைத்தது. ஜான் நார்ட்டன் கிரிஃபித்ஸ் என்ற என்ஜினியர், மான்செஸ்டரில் சாக்கடைக் குழி தோண்டிக்கொண்டிருந்த தன் ஆட்களையே முதலில் கூட்டிக்கொண்டு போனார். அவர்களுக்கு ஒரு தனி வித்தை தெரியும்: மரச்சட்டத்தில் முதுகைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு, இரண்டு காலாலும் மண்வெட்டியை உதைத்துக் களிமண்ணைப் பெயர்ப்பது. கடப்பாரை போட்டால் சத்தம் கேட்கும், இதில் சத்தமே வராது. சத்தம் வந்தால் எதிரில் தோண்டிக்கொண்டு வரும் ஜெர்மன்காரனுக்குத் தெரிந்துவிடும், அவன் வெடி வைத்து உயிரோடு புதைத்துவிடுவான். அதனால் இரண்டு பக்கமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், மாதக்கணக்கில்.

இப்படி இருந்தவன் வீட்டுக்கு வந்தால் எப்படித் தூங்குவான்? அந்தக் காலத்தில் இதற்கு ஷெல் ஷாக் என்று ஒரு பெயர் வைத்தார்கள், வைத்தியம் சரியாக வைக்கவில்லை. டானி என்ற பாத்திரம் திடீரென்று பீரங்கி ஞாபகம் வந்து ஊரையே அடிக்கக் கிளம்புவானே, டாமியின் அண்ணன் ஆர்தர் ஒரு நிமிஷம் அழுது அடுத்த நிமிஷம் ஆளை அடிப்பானே, இந்த மாதிரி மனிதர்கள் 1919-ல் ஐரோப்பாவின் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். 1890-லேயே கதையை வைத்திருந்தால் தேதி சரியாக இருந்திருக்கும், இந்த உயிர் போயிருக்கும்.

குதிரைப் பந்தயத் தொழிலைச் சரியாகக் காட்டுகிறார்களா?

இதில் தொடருக்கு நல்ல மதிப்பெண் தருவேன். முதல் காட்சியிலேயே டாமி கறுப்புக் குதிரையில் வருவான், ஒரு சீனப் பெண் அதன் மூஞ்சியில் சிவப்புப் பொடியை ஊதுவாள். மந்திரம் செய்த குதிரை ஜெயிக்கும் என்று ஊர் முழுக்க அதில் பணம் கட்டுவார்கள். ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டினால்தான் பந்தயப் பணம் வாங்குகிற புக்கிக்கு லாபம், இந்தத் தொழிலின் சூட்சுமத்தை ஒரே காட்சியில் சொல்லிவிடுகிறார்கள்.

பின்னணிச் சட்டமும் சுவாரசியமானது. 1906-ல் பிரிட்டனில் தெருவில் பந்தயம் கட்டுவதைத் தடை செய்தார்கள். பந்தய மைதானத்துக்கே போய்க் கட்டலாம். பணக்காரன் கணக்கு வைத்துக் கடனில் கட்டலாம், அது குற்றம் கிடையாது. ஆனால் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் தெருமுனையில் ஆறு பென்ஸை ரொக்கமாகக் கொடுத்துக் கட்டினால் அது குற்றம். அதாவது ஒரே ஆசை, ஏழைக்கு மட்டும் ஜெயில். அப்புறம் என்ன நடக்கும்? வீட்டுப் பின்பக்கத்தில் கள்ளத்தனமாக நடக்கும், சேதி கொண்டுபோக ஆள் வைப்பார்கள், போலீசுக்கு மாமூல் போகும். வாட்டரி லேன் என்ற தெருவில் ஷெல்பி வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே கரும்பலகையும் கூச்சலுமாக இருக்கிறதே, இந்தச் சட்டம் பெற்ற பிள்ளைதான் அது. சட்டப்படி பந்தயக் கடைகள் திறக்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மைதானத்துக்குள் வேறு விதமான மாமூல். அங்கே புக்கி ஸ்டூல் மேல் நின்று, பலகையில் சாக்பீஸால் குதிரைக்கு எத்தனைக்கு எத்தனை என்று எழுதி அழித்துக்கொண்டே இருப்பார். கும்பல் ஆட்கள் வந்து சாக்பீஸ், பலகை துடைக்க ஸ்பான்ஜ், ஒரு வாளி தண்ணீர், அன்றைய குதிரைகளின் பட்டியல் எல்லாவற்றையும் அநியாய விலைக்குக் கட்டாயமாக விற்பார்கள். வாங்காவிட்டால் பலகை உடையும், மண்டையும் உடையும். இந்தச் சாக்பீஸ் வியாபாரத்தைத் தொடர் இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம், துப்பாக்கிச் சண்டையை விட எனக்கு இதில்தான் ருசி அதிகம்.

தொடரில் வரும் மற்ற கும்பல் தலைவர்கள் பில்லி கிம்பர், சபினி, ஆல்ஃபி சாலமன்ஸ், இவர்கள் யார்?

மூவரும் நிஜ மனிதர்கள், மூவரையும் கதைக்காக ரொம்பவே மாற்றியிருக்கிறார்கள். தொடரில் கிம்பர் லண்டன்காரன் மாதிரி வந்து முதல் சீசன் முடிவில் டாமி கையால் சாகிறான். நிஜ கிம்பர் பர்மிங்காமிலேயே 1882-ல் பிறந்தவர், பர்மிங்காம் கும்பலின் தலைவரே அவர்தான். ஒரு வகையில் டாமி ஷெல்பி செய்வதாகக் காட்டும் காரியங்களை நிஜத்தில் செய்தவர் கிம்பர். அவரைச் சுட்டது உண்மை, 1921-ல். ஆனால் சாகவில்லை. 1945-ல் டார்கீ என்ற கடற்கரை ஊரில் ஒரு நர்ஸிங் ஹோமில் இறந்தார்.

டார்பி சபினி லண்டன் கிளார்க்கன்வெல் பகுதி இத்தாலியக் குடியிருப்பில் வளர்ந்தவர். கிம்பர் ஆட்களுக்கும் சபினி ஆட்களுக்கும் 1921-ல் பந்தய மைதானங்களில் பெரிய சண்டையே நடந்தது. அந்த வருடம் ஜூனில் எப்சம் பந்தயம் முடிந்து திரும்பும் வழியில் பர்மிங்காம் ஆட்கள் ஒரு வண்டியை மறித்து வெட்டித் தள்ளினார்கள். உள்ளே இருந்தவர்கள் எதிரிகள் இல்லை, தங்கள் கூட்டாளிகளான லீட்ஸ் ஊர் புக்கிகள். இதைத் தொடரில் வைத்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

டாம் ஹார்டி நடிக்கும் ஆல்ஃபி சாலமன்ஸுக்கு மூலம் ஆல்ஃபி சாலமன். நிஜத்தில் சபினியின் எதிரி கிடையாது, சபினி பக்கத்து ஆள். 1924-ல் ஒரு கிளப்பில் ஒருவரைக் குத்திக் கொன்று மூன்று வருடம் ஜெயிலுக்குப் போனார். பேக்கரி என்று சொல்லிச் சாராயம் காய்ச்சும் அந்தத் தாடிக்கார ஞானி முழுக்க எழுத்தாளரும் நடிகரும் சேர்ந்து செய்த உருவம். தொடரில் எனக்கு மிகப் பிடித்தவர் அவர்தான், நிஜத்தோடு மிகக் குறைவாக ஒட்டுகிறவரும் அவர்தான்.

ஷெல்பி குடும்பத்தைத் துரத்தும் இன்ஸ்பெக்டர் காம்ப்பெல்?

கற்பனை, ஆனால் சாயல் உண்டு. சார்ல்ஸ் ராஃப்டர் என்ற பெல்ஃபாஸ்ட்காரர் 1899-ல் பர்மிங்காம் போலீஸ் தலைவராக வந்தார், புதிய ஆட்களை எடுத்து, தெருத்தெருவாகக் காவலைப் பலப்படுத்தி, பீக்கி பிளைண்டர்ஸை ஒடுக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. 1935 வரை அந்தப் பதவியிலேயே இருந்தார். காம்ப்பெல் மாதிரி பெண் விவகாரத்தில் புத்தி பேதலித்துத் திரிந்தவர் இல்லை.

எந்த இடத்தில் உண்மையை மாற்றியது உங்களுக்குக் கோபம் வருகிறது?

ஜெஸ்ஸி ஈடன். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான்காவது சீசனில் தொழிற்சங்கத் தலைவியாக வருகிறார். ஆரம்பம் நன்றாகத்தான் இருக்கிறது, பெண்களுக்குச் சம கூலி கேட்டு டாமியின் அறைக்குள் நேராக வந்து நிற்பார். அப்புறம் டாமி அவரைக் காதல் பேசி மயக்கி, கம்யூனிஸ்டுகளைப் பற்றித் தகவல் கறந்து, அதை அரசாங்கத்துக்கு விற்று எம்.பி. ஆகிவிடுகிறான். ஒரு நிஜப் பெண்ணின் வாழ்க்கையைக் கதாநாயகன் ஏறிப்போகும் படிக்கட்டாக ஆக்கிவிட்டார்கள்.

நிஜத்தில் அவர் லூக்காஸ் என்ற மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1931-ல் அங்கே ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து வேலை வாங்கும் முறையைக் கொண்டுவரப் பார்த்தார்கள். ஜெஸ்ஸி வேகமாக வேலை செய்கிறவர் என்பதால் அவர் வேகத்தையே எல்லோருக்கும் அளவாக வைக்கத் திட்டம். அவர் மறுத்தார். பத்தாயிரம் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள், நிர்வாகம் பின்வாங்கியது. பின்னால் வேலை போனது, மாஸ்கோவுக்குப் போய் மெட்ரோ கட்டும் தொழிலாளர்களோடு இருந்துவிட்டு வந்தார். 1939-ல் பர்மிங்காமில் நடந்த மாபெரும் வீட்டு வாடகைப் போராட்டத்தையும் முன்னின்று நடத்தினார். 1986 வரை வாழ்ந்தார்.

கிம்பரைக் கொன்றால் யாருக்கு நஷ்டம்? அவர் ஒரு ரவுடி, கதையில் சாகட்டும். ஜெஸ்ஸி ஈடனின் பெயரைத் தேடுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் டாமியின் காதலி என்றுதான் தேடுவார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. பெயரை மாற்றி ஒரு கற்பனைப் பெண்ணாக வைத்திருந்தால் ஒரு சண்டையும் இல்லை.

மோஸ்லி?

நிஜம். ஆஸ்வால்ட் மோஸ்லி 1926 முதல் பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெத்திக் தொகுதியின் லேபர் கட்சி (தொழிலாளர் கட்சி) எம்.பி. தொடரின் ஐந்தாவது சீசன் 1929-ல் நடக்கிறது, அப்போதே அவர் ஃபாசிஸ்ட் கட்சி தொடங்குகிறார். நிஜத்தில் 1929-ல் அவர் லேபர் அரசில் மந்திரி. வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு அவர் போட்ட திட்டத்தை அரசு நிராகரித்தது, 1930 மே மாதம் ராஜினாமா செய்தார், 1931-ல் ஒரு புதுக்கட்சி தொடங்கித் தோற்றார், 1932-ல்தான் ஃபாசிஸ்ட் சங்கம். அந்த சீசனின் கடைசி எபிசோடில் வரும் பிங்லி ஹால் கூட்டமும் நிஜத்தில் 1934 ஜனவரியில் நடந்தது.

இங்கே தேதியை மாற்றியதில் கதைக்கே நஷ்டம் என்று நினைக்கிறேன். தொடரில் அவர் வரும்போதே பாம்பு மாதிரி வருகிறார், பார்த்த உடனே வில்லன் என்று தெரிந்துவிடும். நிஜ மோஸ்லி ஏழைகளுக்கு வேலை கேட்டுப் பேசிக் கைதட்டல் வாங்கியவர். அந்த ஆள் மூன்றே வருடத்தில் ஃபாசிஸ்டுகளின் கறுப்புச் சட்டை போட்டது எப்படி என்பது எவ்வளவு பயங்கரமான கதை! அதைச் சொல்ல நேரம் எடுத்திருக்கலாம்.

சின்னத் தகவல் ஒன்று: டாமி எம்.பி. ஆகிற பர்மிங்காம் சவுத் என்ற தொகுதி 1918-லேயே இல்லாமல் போய்விட்டது.

அந்தக் காலக் கதையில் ராக் பாட்டு எதற்கு?

நிக் கேவ் பாடும் டைட்டில் பாட்டு 1994-ல் வந்தது. யாரும் அதை 1919 பாட்டு என்று நம்பப் போவதில்லை, அதனால் அது ஏமாற்றே இல்லை. தொழிற்சாலை நெருப்பும் புகையும் நடுவில் நடந்து வரும்போது அந்த மணிச் சத்தம் கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது. எனக்கு அது போதும்.

பேசும் உச்சரிப்பு சரியா?

பர்மிங்காம்காரர்கள் நிறையப் பேர் சரியில்லை என்கிறார்கள். எனக்கு அதைப் பிரித்துச் சொல்லும் காது கிடையாது, சப்டைட்டிலோடுதான் பார்த்தேன்.

நிஜமாகவே அவ்வளவு அழகாக இருந்தார்களா?

நல்ல கோட்டு சூட்டு நிஜ பீக்கி பிளைண்டர்ஸ் காலத்தில் இல்லை. கீழே அகன்ற பேன்ட், கழுத்தில் முடிச்சுப் போட்ட ஸ்கார்ஃப், ஆணி அடித்த பூட்ஸ், ஒட்ட வெட்டிய தலையில் நெற்றி முடி மட்டும் நீளமாக. பகட்டுதான், ஆனால் ஏழை வீட்டுப் பையனின் பகட்டு. அவர்கள் இருந்த வீடுகளோ பின்சுவர் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள், பின்வாசல் கிடையாது, ஒரு முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பம், எல்லோருக்கும் பொதுக் கக்கூஸ். தொடர் கரியையும் சேற்றையும் காட்டுகிறது, அந்த நெருக்கடியைக் காட்டவில்லை. அவர்கள் அடித்தது பெரும்பாலும் தங்களை மாதிரியே ஏழையான பக்கத்து வீட்டுக்காரர்களைத்தான். மாமூல் கொடுத்த புக்கிக்கோ, அடி வாங்கிய பெண்டாட்டிக்கோ, மண்டை உடைந்த ஈஸ்ட்வுட்டுக்கோ இதில் ஒரு எபிசோட் கிடையாது.

இவ்வளவு தெரிந்த பிறகும் ரசிக்க முடிகிறதா?

முடிகிறது, முன்னை விட அதிகமாக. பாலி அத்தையாக ஹெலன் மக்ரோரி ஒரு பார்வை பார்த்தால் அதற்கு எந்த ஆவணமும் தேவையில்லை. போர்க்காலத்தில் ஆண்கள் போனபோது தொழிலை நடத்திய பெண் அவர், திரும்பி வந்த ஆண்கள் அதைப் பிடுங்கிக்கொள்ளும்போது அவர் முகத்தில் வரும் கோபம் அந்தக் காலத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கானோருக்கு நிஜமாகவே நடந்தது. தேதி தப்பும் மனசு சரியும் ஒரே காட்சியில் இருக்க முடியும்.

என் வழி இதுதான்: முதல் தடவை பார்க்கும்போது போனைத் தூர வைத்துவிட்டு முழுசாகக் கதைக்குள் போய்விடுவேன். ஒரு சீசன் முடிந்ததும் அதில் வந்த நிஜப் பெயர்களைத் தேடிப் படிப்பேன். நடுவிலேயே நிறுத்தித் தேடினால் கதையும் போய்விடும், படித்ததும் மனதில் நிற்காது.

நிஜ முகங்களை எங்கே பார்க்கலாம்?

பர்மிங்காம் போகிறவர்கள் ஹர்ஸ்ட் தெருவில் பாதுகாத்து வைத்திருக்கும் அந்தப் பின்சுவர் ஒட்டிய வீடுகளைப் பாருங்கள். டட்லியில் இருக்கும் பிளாக் கன்ட்ரி அருங்காட்சியகத்தில் டாமியின் மாமா சார்லி ஸ்ட்ராங்கின் படகுத்துறைக் காட்சிகள் எடுத்தார்கள். பர்மிங்காம் ஸ்டீல்ஹவுஸ் லேனில் 1891-ல் கட்டிய பழைய லாக்கப் இப்போது போலீஸ் அருங்காட்சியகம், அங்கேதான் பீக்கி பிளைண்டர்ஸ் என்று சொல்லப்படுகிறவர்களின் கைதுப் புகைப்படங்கள் இருக்கின்றன. போக முடியாதவர்கள் இணையத்திலேயே பார்க்கலாம், நானும் அப்படித்தான் பார்த்தேன். ஹாரி ஃபௌலர் என்ற பையனின் படம் ஒன்று உண்டு. 1904, வயது 19, சைக்கிள் திருடிய குற்றம். தொப்பி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, மீசை கூட இன்னும் சரியாக முளைக்கவில்லை.